சித்தூர் தாலுகா பிளஸ் ஒன் பிள்ளைகள்: காலேஜ், நீட், பட்டாளம் – எதிலிருந்து தொடங்குவது?

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

வணக்கம். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறோம். ஞாயிறுதோறும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வகுப்பு நடத்துகிறோம். மொத்தம் 34 பேர். இதில் 19 பேர் பத்தாவது வரை தமிழ் மீடியம். பிளஸ் ஒன் வந்ததும் எல்லாப் பாடமும் இங்கிலீஷில். 11 பையன்களும் 3 பெண்பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போகணும் என்கிறார்கள். ஐந்தாறு பேருக்கு நீட், மூன்று பேருக்கு ஜே.இ.இ. மீதிப் பேரிடம் கேட்டால் "ஏதாவது டிகிரி".

இங்கே குழப்பமே எல்லைக்கோடுதான். சிலருக்கு அப்பா பொள்ளாச்சிப் பக்கம், வீடு கேரளாவில். சிலர் பத்தாவது வரை கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே சேர்ந்தவர்கள். இன்னும் சிலர் இங்கே படித்துவிட்டு கோயம்புத்தூரில் காலேஜ் சேர நினைக்கிறார்கள். யார் எந்த மாநிலத்துப் பிள்ளை, எந்தச் சர்டிபிகேட் எங்கே செல்லும், பட்டாளத்துக்கு எப்போதிலிருந்து ஓட வைப்பது, எந்தத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொதுவான அறிவுரை வேண்டாம், அது எங்களிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது.

-----

வேலந்தாவளம் செக்போஸ்ட்:

பாடத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்க. முதல் ஞாயிறு முழுக்கக் காகிதத்துக்கு. மார்க் இருந்தும் காகிதத்தில் மாட்டிக்கொள்வது நம்ம பக்கத்தில் சகஜம்.

பிள்ளைக்கு ஒரு முழுத்தாள் கொடுத்து இதை எழுத வையுங்க: எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயர் எப்படி, ஆதாரில் எப்படி, பிறப்புச் சான்றிதழில் எப்படி. மூன்றிலும் பிறந்த தேதி. பிறந்த ஊர். அப்பா ஊர், அம்மா ஊர். ஆறாம் வகுப்பிலிருந்து இன்று வரை எந்தெந்தப் பள்ளி, எந்த மாநிலம், அரசா தனியாரா. கடைசி வரிதான் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

பெயர்ச் சிக்கலை லேசாக நினைக்காதீங்க. தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் "எம். கார்த்திக்", கேரளா எஸ்.எஸ்.எல்.சி.யில் "கார்த்திக் எம்", ஆதாரில் "கார்த்திக் முருகன்". நமக்கு மூணும் ஒரே பையன், ஆன்லைன் ஃபாரத்துக்கு மூணு பேர். எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எழுத்துப் பிழை இல்லை என்றால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்க. ஏனென்றால் எல்லாத் தேர்வும் பத்தாவது சான்றிதழைத்தான் அடிப்படையாகப் பிடிக்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவை. அதனால் அவசரத்தில் அக்‌ஷயா சென்டரில் (கேரளாவின் இ-சேவை மையம்) போய் "சும்மா ஒரு இனிஷியல் சேர்த்துக் கொடுங்க" என்று ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே தப்பு இருந்தால் பள்ளி ஹெட்மாஸ்டர் வழியாகப் பரீட்சா பவனுக்கு (கேரளா அரசுத் தேர்வு அலுவலகம்) எழுதணும். அது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் இப்பவே தொடங்கணும்.

நேட்டிவிட்டி (எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்ற சான்று): கேரளாவில் பிறந்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த இடம் கேரளா என்று இருந்தால் கீம் என்கிற கேரளா இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வுக்கு அதுவே சான்று. இல்லாவிட்டால் வில்லேஜ் ஆபீஸில் வாங்கணும்.

சாதிச் சான்றிதழ்தான் பெரிய கண்ணி. எஸ்.சி., எஸ்.டி. அந்தஸ்து மாநிலத்துக்கு மாநிலம் கூடவே வராது. குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்ததோ அங்கேதான் முழுப் பலன். கேரளாவில் கேட்டால் 1950க்கு முன்பிருந்தே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். பழைய பட்டா, தாத்தா படித்த பள்ளிப் பதிவேடு, எஸ்டேட் மஸ்டர் ரோல் (வேலையாட்கள் வருகைப் பதிவேடு) என்று எது கிடைத்தாலும் இப்பவே தேடச் சொல்லுங்க, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தேடினால் அட்மிஷன் முடிந்திருக்கும்.

ஓ.பி.சி.க்கும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. மத்தியப் பட்டியலே மாநிலவாரியாக இருக்கிறது. ஒரே சாதி தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும், கேரளாப் பட்டியலில் இருக்காது. மாநில அட்மிஷனுக்கு வாங்கின கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லாத சான்றிதழ் மத்திய நிறுவனத்துக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் தனியாக வாங்கணும். அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, இது தெரியாமலே நிறையப் பேர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மார்ச்சில் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீங்க, நடப்பு நிதியாண்டுச் சான்றிதழ்தான் வேணும் என்பார்கள். ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்குங்க.

-----

செங்கோட்டை பாசஞ்சர்:

மேலே சொன்னதோடு தமிழ்நாட்டுக் கணக்கையும் சேர்த்துக்கிடுங்க. எங்க பக்கம் புளியரை தாண்டி ஆரியங்காவு, புனலூர்னு போய்ப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே பஞ்சாயத்துதான்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை அஞ்சு வருஷமும் தமிழ்நாட்டுல படிச்சிருந்தா நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டாம். அஞ்சுல ஒரு வருஷம் கேரளா பக்கம் போய்ப் படிச்சிருந்தாலும் அப்பா அம்மா தமிழ்நாட்டுக்காரங்கன்னு தாசில்தார்கிட்ட இருப்பிடச் சான்றிதழ் வாங்கித்தான் ஆகணும். அது இ-சேவை மையம் வழியா. நேர்மாறா, குடும்பம் கேரளாவைச் சேர்ந்தது, ஆனா பிள்ளை எட்டுல இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுல படிச்சுதுன்னா கவுன்சிலிங்ல கலந்துக்கலாம், ஓப்பன் பிரிவுல மட்டும். பி.சி., எம்.பி.சி. எல்லாம் கிடைக்காது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேற விஷயம். அதுக்கு ஆறுல இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. மருத்துவத்துக்கு 2020லயும் இன்ஜினியரிங்குக்கு 2021லயும் வந்தது. உங்க பிள்ளைகள் பிளஸ் ஒன்னுக்குக் கேரளா வந்த அன்னைக்கே அது போச்சு. அதைச் சொல்லி யாரையும் ஆசை காட்டாதீங்க.

ஆனா கேரளா பக்கம் ஒரு நல்லது இருக்கு. கேரளாவைச் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூவைத் தமிழ்நாட்டுல படிச்சாலும் கீம்ல கேரளக்காரன் கணக்குத்தான். ஆக, கேரளக் குடும்பம் கிழக்கே போய்ப் படிச்சா நஷ்டம் குறைவு. தமிழ்நாட்டுக் குடும்பம் மேற்கே வந்து படிச்சாத்தான் இழப்பு அதிகம். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரைக் கூப்பிட்டு இதை ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அடுத்த பேட்ச் பிழைச்சுக்கும்.

கட்-ஆஃப் கணக்கு தெரியாத பிள்ளைகள் இருந்தா: கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. பிளஸ் டூ மார்க்குதான், நுழைவுத்தேர்வு கிடையாது. கேரளாவுல கீம் தேர்வும் எழுதணும், பிளஸ் டூ மார்க்கும் சேரும். ரெண்டு பக்கமும் விண்ணப்பிக்கத் தகுதி உள்ள பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

-----

மறையூர்ச் சந்தனம்:

தேர்வு மொழி பற்றி மட்டும் சொல்கிறேன், அதை யாரும் தொடவில்லை.

நீட் தேர்வைத் தமிழில் எழுத விரும்பினால் தேர்வு மையம் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் ஆகிய இடங்களில்தான் கிடைக்கும். பாலக்காட்டு மையத்தைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பட்டியலில் இங்கிலீஷ், இந்தி, மலையாளம்தான் வரும். ஜே.இ.இ. மெயினுக்கும் இப்படித்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் ஒன்றும் தூரமில்லை. தமிழ்க் கேள்வித்தாள் வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் கோயம்புத்தூரைப் போடுங்கள், வீட்டுக்குப் பக்கம் என்று பாலக்காட்டைப் போட்டுவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

ஆனால் தமிழ்த் தாள் வேண்டுமா என்பதையே யோசிக்கணும். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை இங்கிலீஷில் படித்த பிள்ளைக்கு "ஒளிவிலகல் எண்", "உந்தம்", "நிலைமம்" எல்லாம் பத்தாவதோடு நின்றுபோயிருக்கும். பதினோராம் வகுப்புக்கு மேலே உள்ள சொற்களைத் தமிழில் அந்தப் பிள்ளை பார்த்ததே இல்லை. நீட் தமிழ்த் தாளில் ஒவ்வொரு கேள்வியும் இங்கிலீஷிலும் பக்கத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷ்தான் முடிவு. எனவே இரண்டு மொழித் தாள் ஒரு கைத்தடி, அவ்வளவே. போன வருடத் தமிழ்த் தாள் ஒன்றை மூன்று மணி நேரம் வைத்து எழுத வையுங்கள். அதே அளவு கடினமான இங்கிலீஷ் தாள் ஒன்றை அடுத்த வாரம். 180 கேள்வியில் எதில் அதிகக் கேள்வி வரை போய்ச் சேருகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெற்றோர் ஆசையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த 19 பேருக்கு இப்போது உடனடியாகத் தேவை ஒரு சொல் நோட்டு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ், கீழே ஒரு கணக்கு. "இடப்பெயர்ச்சி – டிஸ்ப்ளேஸ்மென்ட்" என்று மட்டும் எழுதினால் மறந்துபோகும், அந்தச் சொல் வருகிற ஒரு கணக்கைப் போட்டால் நிற்கும். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, கணக்கு நான்கிலும் வாரம் பத்துப் பத்துச் சொல் போட்டால் ஓணத்துக்குள் முதல் டேர்ம் பாடம் முழுக்கக் கைக்குள் வந்துவிடும்.

என்.டி.ஏ. (பட்டாள அதிகாரிப் பயிற்சிக்கான தேர்வு) கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். அக்னிவீர் (நாலு வருடப் பட்டாள வேலை) ஆன்லைன் தேர்வு 2025லிருந்து 13 மொழிகளில் நடக்கிறது, தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் உண்டு.

-----

பி.டி. மாஷ்:

பட்டாளத்துக்குப் போற 11 பையன்களைப் பத்திப் பேசுவோம்.

முதல்ல டேப்பை எடுத்து உயரம் அளங்க, செருப்பில்லாம, சுவத்துல குதிகால் ஒட்டி. ஆர்மி ஜெனரல் டியூட்டிக்கு தென் மாநிலங்களுக்கு 166 செ.மீ. நெஞ்சு 77, மூச்சிழுத்தா 5 செ.மீ. விரியணும். 166 எட்டாத பையனை நிராசையா அனுப்பாதீங்க. நேவிக்கு 157, ஏர்ஃபோர்ஸுக்கு 152. ஆனா ஏர்ஃபோர்ஸுக்குப் பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் மொத்தம் 50 சதவீதம், இங்கிலீஷில் தனியா 50 வேணும்.

வயசு பதினேழரையில் தொடங்குது. மேல் வரம்பை அந்த வருஷ நோட்டிஃபிகேஷனில் பாருங்க. அதில் பிறந்த தேதியே "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை"ன்னு அச்சடிச்சிருக்கும், ஒரு நாள் தள்ளியிருந்தாலும் கம்ப்யூட்டர் எடுத்துக்காது.

படிப்பு: ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாவதில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. கேரளா எஸ்.எஸ்.எல்.சி.யில் டி பிளஸ்னா 30 முதல் 39 வரை. பாஸ்தான், ஆனா 33க்குக் கீழே இருக்கவும் வாய்ப்பிருக்கு. டி பிளஸ் இருக்கிற பையன் மார்க் விவரத்தை பரீட்சா பவனில் விண்ணப்பிச்சு முன்னாடியே வாங்கி வைக்கட்டும். டெக்னிக்கலுக்குப் பிளஸ் டூ சயன்ஸ், மொத்தம் 50, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, இங்கிலீஷ் ஒவ்வொண்ணிலும் 40. அதாவது இங்க டி பிளஸ் ஒண்ணு விழுந்தாலும் டெக்னிக்கல் போச்சு. கிளார்க்குக்கு மொத்தம் 60, ஒவ்வொரு பாடமும் 50.

எந்த ஆபீஸ்: பாலக்காடு மாவட்டத்துக்குக் கோழிக்கோடு ஆர்மி ரெக்ரூட்டிங் ஆபீஸ். இடுக்கிப் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம். கோயம்புத்தூர் மாவட்டத்துக்காரனுக்குக் கோயம்புத்தூர். சொந்த மாவட்டம் எதுவோ அதில்தான் போடணும். கிழக்கே காலி இடம் ஜாஸ்தின்னு அத்தை வீட்டு முகவரியில் போட்டால், ஓட்டம் ஓடி, மெடிக்கல் முடிச்சு, கடைசியில் சர்டிபிகேட் பார்க்கும்போது வெளியே அனுப்புவாங்க. பட்டாளத்தில் சாதி ஒதுக்கீடு கிடையாது, அதனால் முதலில் இருப்பிடச் சான்றிதழுக்கு அலையுங்க.

இப்ப முறை மாறிப்போச்சு: முதலில் ஆன்லைன் தேர்வு, அதில் பாஸானவங்களுக்குத்தான் ரேலி (மைதானத்தில் ஓட்டமும் உடல் சோதனையும்). பழைய பசங்க சொல்ற "ஓட்டம் ஜெயிச்சா பாதி வேலை முடிஞ்சது" கதை 2023க்கு முந்தினது. சமீப வருஷங்களில் பதிவு பிப்ரவரி, மார்ச் சமயத்தில் திறக்குது, பிளஸ் டூ பரீட்சை நேரத்தோட மோதும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்க. போன் நம்பர் ரேலி முடியற வரை மாறக் கூடாது, எல்லாத் தகவலும் அதில்தான் வரும்.

ஓட்டம். 1.6 கி.மீ. 5 நிமிஷம் 30 செகண்டுக்குள் வந்தா 60 மார்க். 5:45க்குள் 48. 2025ல் இன்னும் ரெண்டு குரூப் சேர்த்திருக்காங்க: 6:00க்குள் 36, 6:15க்குள் 24. மெரிட் லிஸ்ட்தான் முடிவு பண்ணும், அதனால் குறி 5:30.

400 மீட்டர் டிராக்கில் நாலு ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு 82 செகண்டுக்குக் கொஞ்சம் மேலே. பசங்க செய்யற தப்பு எல்லா இடத்திலும் ஒண்ணுதான்: கூட்டத்தில் முதல் ரவுண்டை 70ல் ஓடிட்டு மூணாவது ரவுண்டில் 95க்கு விழுவாங்க. நெஞ்சு வலிமை இல்லைன்னு நினைப்பாங்க, உண்மையில் கணக்குதான் தெரியலை. விசிலடிச்சு ஒவ்வொரு 200லயும் 41 செகண்டைக் காதில் போடுங்க. ரெண்டு மாசத்தில் கால் தானா அந்த வேகத்தைப் பிடிச்சுக்கும்.

16 வாரம் போதும்.

1–4 வாரம்: வாரம் நாலு நாள், பேசிக்கிட்டே ஓடற வேகத்தில் 20 நிமிஷத்திலிருந்து 35 நிமிஷம் வரை. இதை "வேஸ்ட்"னு சொல்ற பையன்தான் ஆறாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவான்.

5–9 வாரம்: ரெண்டு நாள் மெதுவோட்டம். ஒரு நாள் 400 மீட்டர் ஆறு தடவை, 86ல தொடங்கி 82 வரை குறைக்கணும், நடுவில் ரெண்டு நிமிஷ நடை. இன்னொரு நாள் 200 மீட்டர் எட்டுத் தடவை, 39–40 செகண்டில்.

10–14 வாரம்: 400க்குப் பதில் 800 மீட்டர் மூணு தடவை, ஒவ்வொண்ணும் 2:45, நடுவில் மூணு நிமிஷம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா முழு 1.6 கி.மீ. நேரம் எடுங்க. தினமும் எடுக்காதீங்க. தினமும் பரீட்சை எழுதினா படிக்கிறது எப்போ?

கடைசி ரெண்டு வாரம்: பாதியாக் குறைச்சுக்கிடுங்க.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுங்க. டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வீசும்போது ஒரு நேர்கோட்டில் பறப்பான், எதிர்க்கோட்டில் தவழ்வான். ரோட்டில் ஒரே திசையில் ஓடி எடுத்த நேரம் பொய் நேரம். மார்ச்சுக்குப் பிறகு காலை ஆறு மணிக்குள் முடிச்சிருங்க.

காலில் முன்னெலும்பு வலிதான் பாதிப் பேரை உட்கார வைக்கும். காரணம் மூணு: தார் ரோடு, தேஞ்ச கேன்வாஸ் ஷூ, ஒரே வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கறது. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் கூட்டணும். மண் தரையில் ஓடுங்க. விரலால் அழுத்தினா ஒரே புள்ளியில் சுருக்குன்னு வலிச்சா அது எலும்பில் கீறலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டணும்.

புல்-அப்: பத்து எடுத்தா 40 மார்க், ஒன்பது 33, எட்டு 27, ஏழு 21, ஆறு 16. ஆறுக்குக் கீழே போனா ஓட்டத்தில் முதலா வந்தாலும் பிரயோஜனம் இல்லை. கையை முழுக்க நீட்டித் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரணும். உதைச்சு ஏறினா எண்ண மாட்டாங்க. ஒண்ணுகூட எடுக்க முடியாத பையனுக்கு: ஸ்டூல் போட்டு மேலே ஏறி, அஞ்சு செகண்டு எண்ணி மெதுவா இறங்கறது, ஒரு நாளைக்கு அஞ்சு, வாரம் மூணு நாள். கூடவே 30 செகண்டு சும்மா தொங்கல். ஆறு, எட்டு வாரத்தில் முதல் புல்-அப் வரும், அதுக்கப்புறம் வேகமாக் கூடும். ஒன்பதடிப் பள்ளமும் வளைஞ்ச கட்டையில் நடக்கறதும் பாஸ் ஃபெயில் மட்டும்தான். ஆனா ஓட்டம் முடிஞ்ச தளர்ந்த காலோட செய்யணும், அதனால் பயிற்சியிலும் ஓட்டத்துக்குப் பிறகே வையுங்க.

மெடிக்கலுக்கு இப்பவே பாருங்க: ரெண்டு முழங்காலும் தொட நின்னா கணுக்கால் நடுவே 5 செ.மீ.க்கு மேலே இடைவெளி, தட்டைப் பாதம், நிறக்குருடு, காது அழுக்கு, சொத்தைப் பல். காதைக் கொண்டை ஊசியால் குடையாம இ.என்.டி. டாக்டரிடம் சுத்தம் பண்ணணும். பச்சை குத்தறது முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேற இடத்தில் இருந்தா நிராகரிப்பு. திருவிழாக் கடையில் தோளில் சிங்கம் குத்திக்கறதுக்கு முன்னாடி 11 பேருக்கும் இதைச் சொல்லிடுங்க.

-----

குப்பம் லோக்கல்:

தலைப்பில் சித்தூர்னு பார்த்து நம்ம சித்தூர்னு உள்ளே வந்துட்டேன். ஆந்திரா பக்கத்து ஆட்களும் வந்து படிப்பாங்க, அதனால் ரெண்டு வரி.

இங்கே ஊர்ப் பாசத்தைவிட "லோக்கல் கேண்டிடேட்" கணக்குதான் முக்கியம். இன்டர் (இங்கே பிளஸ் டூவுக்கு அதுதான் பேரு) முடிக்கிற வருஷத்தையும் சேர்த்துத் தொடர்ச்சியா நாலு வருஷம் எஸ்.வி.யு. (திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம்) பகுதியில் படிச்சிருந்தா லோக்கல். 85 சதவீத சீட் அதுக்குத்தான். கிருஷ்ணகிரி, வேலூர்னு இன்டருக்குப் பதிலா பிளஸ் டூ சேர்த்துட்டா இந்த லோக்கல் போயிடும். பெற்றோர் பத்து வருஷம் மாநிலத்தில் இருந்ததைக் காட்டி மிச்ச 15 சதவீதத்தில்தான் போட்டி. நகரி, புத்தூர், குப்பம் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையைத் தமிழ்நாட்டுக்கு மாத்தறதுக்கு முன்னாடி எட்டாவதிலேயே யோசிக்கணும்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு இன்னொரு கூத்து. எஸ்.எஸ்.சி.யில் (பத்தாவது சான்றிதழ்) இன்டிபேரு, அதாவது குடும்பப் பெயர், முன்னாடி வந்திருக்கும், தமிழ்ப் பிள்ளைக்கு இன்டிபேரே கிடையாது. ஸ்கூலில் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ அங்கே நிரப்பிடறாங்க. அதே வரிசையில் ஆதாரை வையுங்க.

பட்டாளத்துக்கு எங்க மாவட்டம் குண்டூர் ஆபீஸ். தமிழ் படிக்க ஆசைப்படற பிள்ளைக்குக் குப்பத்திலேயே திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கு, 1997ல் தொடங்கினது.

-----

ஒலவக்கோடு ஜங்ஷன்:

பி.டி. மாஷ் எழுதியதெல்லாம் சரி, ஆனால் நாலு வருடம் கழித்து என்ன என்று யாரும் சொல்லவில்லையே. அக்னிவீரில் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுக்கிறார்கள். மற்ற முக்கால்வாசிப் பேர் 22, 23 வயதில் வீட்டுக்கு. 17 வயதுப் பையனிடம் இதை மறைத்து ஓட வைப்பது நியாயமில்லை.

-----

பி.டி. மாஷ்:

மறைக்க வேண்டாம், கணக்கைப் போர்டில் எழுதிக் காட்டுங்க. முதல் வருஷம் மாசம் 30,000, அதில் 30 சதவீதம் பிடிச்சுக் கையில் 21,000. ரெண்டாம் வருஷம் 33,000, கையில் 23,100. மூணாவது 36,500, கையில் 25,550. நாலாவது 40,000, கையில் 28,000. பிடிச்சது நாலு வருஷத்தில் 5 லட்சத்துச் சொச்சம், அரசு அதே அளவு போடும், ரெண்டும் சேர்ந்து 10.04 லட்சம், வட்டி தனி. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. பிளஸ் டூ முடிக்காம பத்தாவதோட போற பையனுக்குத் திரும்பி வரும்போது கையில் பணம் இருக்கும், படிப்பு இருக்காது. அதனால் என் கட்சி: பிளஸ் டூவை முடிச்சுட்டுப் போகட்டும். முடிஞ்சா டெக்னிக்கல்.

-----

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை:

நன்றி எல்லோருக்கும். நீட் மையம் விஷயம் எங்கள் யாருக்குமே தெரியாது. மூன்று பெண்பிள்ளைகளுக்கும் "ஏதாவது டிகிரி" கூட்டத்துக்கும் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு பையனுக்கு ஆதாரில் ஏற்கெனவே இரண்டு தடவை பெயர் மாற்றியாகிவிட்டது, இப்போதும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு பொருந்தவில்லை.

-----

மறையூர்ச் சந்தனம்:

பெண்பிள்ளைகளுக்கு ஆர்மியில் அக்னிவீர் என்றால் மிலிட்டரி போலீஸ் பிரிவு: உயரம் 162 செ.மீ., 1.6 கி.மீ. 7:30க்குள் முதல் குரூப், 8:00க்குள் இரண்டாவது, 10 அடி நீளத் தாண்டல், 3 அடி உயரத் தாண்டல். நேவியும் ஏர்ஃபோர்ஸும் பெண்களை எடுக்கின்றன. கணக்கு நன்றாக வருகிற பிள்ளையை என்.டி.ஏ. எழுத வையுங்கள், 2021லிருந்து பெண்களும் எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை, பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். ஆர்மிப் பிரிவுக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு மூன்றும் வேண்டும். கணக்கு 120 கேள்வி, 300 மார்க். பொதுத் திறன் 150 கேள்வி, 600 மார்க், அதில் இங்கிலீஷ் மட்டும் 200. இரண்டுக்கும் தலா இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு அந்தக் கேள்வி மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகும், தெரியாத கேள்வியைக் காலியாக விட்டுவிடும் பழக்கம் வரணும். எழுத்துத் தேர்வு 900, எஸ்.எஸ்.பி. (பட்டாள அதிகாரித் தேர்வு வாரியம்) நேர்முகம் 900. தமிழ் மீடியப் பிள்ளை எழுத்துத் தேர்வைத் தாண்டிவிடும், குழு விவாதத்தில் வாயடைத்துப்போகும். அதனால் ஞாயிறு வகுப்பில் பத்து நிமிடம் இங்கிலீஷில் பேச்சு, ஏதாவது ஒரு செய்தியைப் பற்றி, தப்பு தப்பாகவே.

டிகிரிக்காரர்களுக்கு: கேரளாவில் 2024லிருந்து நாலு வருட டிகிரி, மூன்றாம் வருடம் முடித்து டிகிரியோடு வெளியேறவும் வழி உண்டு. கோயம்புத்தூரில் சேர்ந்தால் பழையபடி மூன்று வருடம். கோழிக்கோடு பல்கலைக்கழக அட்மிஷனில் முதல் அலாட்மென்ட் வந்ததும் குறித்த தேதிக்குள் கட்டாயக் கட்டணம் கட்டாவிட்டால் அந்த சீட்டும் போகும், அடுத்த சுற்றும் போகும். "இன்னும் நல்லது வரும்" என்று காத்திருந்து இழப்பவர்கள்தான் அதிகம். கட்டிவிட்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். தமிழ் படிக்கச் சித்தூர் அரசுக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

-----

வேலந்தாவளம் செக்போஸ்ட்:

ரெண்டு தடவை தீர்ந்த ஆதாருக்கு விதிவிலக்கு வழி இருக்கு. சாதாரண சென்டரில் பதிவு போட்டால் வரம்பு தாண்டியதாகத் திரும்பி வரும். அந்தப் பதிவுச் சீட்டை எறியாதீங்க. அதையும் எஸ்.எஸ்.எல்.சி. நகலையும் வைத்து ஆதார் மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்கு கேட்டு எழுதணும், கேரளாவுக்குப் பெங்களூரு அலுவலகம்தான். 1947 என்ற ஆதார் உதவி எண்ணில் கூப்பிட்டு என்னென்ன காகிதம் என்று முதலில் கேட்டு எழுதிக்கிடுங்க. பெயர் முழுசாக மாறியிருந்தால் கெஜட் (அரசிதழ்) அறிவிப்பும் கேட்பார்கள். பையன் பெயர் இப்போது மூன்றிலும் எப்படி எப்படி இருக்குன்னு எழுதுங்க (ஆதார் நம்பரை இங்கே போடாதீங்க), பார்த்துச் சொல்றேன்.